கேரளத்தில் பேஸ் இடது பக்கமா?

கேள்வி, 2.9.2023

கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தால் இடது ஓட்டையில் எரிகிறது. பொள்ளாச்சியில் இருந்தபோது வலது ஓட்டையில்தான் எரியும். வயரிங் செய்தவரிடம் கேட்டதற்கு, "அது தமிழ்நாட்டு முறை, கேரளத்தில் பேஸ் இடது பக்கம் வரும்" என்கிறார். அங்கிருந்து கொண்டுவந்த மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றி மாற்றிக் கட்ட வேண்டுமா?

3.9.2023, காலை

வேண்டாம். பிளக் எதையும் தொடாதீர்கள்.

சோதனைச் சாவடியைத் தாண்டினால் பஸ்ஸின் நிறம் மாறும், கடைப் பலகையின் எழுத்து மாறும், டீயின் கடுப்பம் மாறும். சாக்கெட் மாறாது. இரண்டு மாநில மின்வாரியங்களும் 1957-ல் பிறந்தவை; இரண்டும் வீட்டுக்குக் கொடுப்பது அதே 230 வோல்ட், நொடிக்கு அதே 50 சுற்று. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே தரம், ஐ.எஸ். 1293. பிரிட்டன் 1934-ல் வகுத்த உருண்டைப் பின்தான் அதற்கு மூலம். அவர்கள் 1947-ல் சதுரப் பின்னுக்கு மாறிவிட்டார்கள், நாம் பழையதை வைத்துக்கொண்டோம்.

சாக்கெட்டுக்கு எதிரே நில்லுங்கள். பெரிய ஓட்டை மேலே. அது எர்த், ஒழுகும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வழி. கீழே வலது பக்கம் பேஸ், மின்சாரம் வரும் வழி; இடது பக்கம் நியூட்ரல், அது திரும்பிப் போகும் வழி. எர்ணாகுளத்திலும் இதுதான், ஈரோட்டிலும் இதுதான்.

உங்கள் வயர்மேன் மாற்றிக் கட்டிவிட்டு, பழியைக் கேரள அரசின் மேல் போட்டிருக்கிறார்.

3.9.2023, இரவு

"மாறினால் என்ன, மிக்ஸி ஓடுகிறதே" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஓடும். மாறுதிசை மின்சாரத்துக்கு இடமும் வலமும் ஒன்றுதான். நொடிக்கு நூறு முறை திசையைத் திருப்புவதற்கு எந்தப் பக்கம் நுழைந்தால் என்ன?

சிக்கல் சுவிட்சில் இருக்கிறது. மேசை விளக்கின் ஒயரில் இருக்கும் சின்ன சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். அது பேஸைத் துண்டிக்கும் என்று நம்பித்தான் விளக்கைச் செய்திருக்கிறார்கள். இடம் மாறினால் அது நியூட்ரலைத் துண்டிக்கும். விளக்கு அணையும், ஆனால் ஹோல்டருக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பை மாற்ற விரலை விடுகிறவருக்கு அது தெரியாது.

கருவிக்குள் ஃபியூஸ் இருந்தாலும் அதே கதைதான். ஃபியூஸ் உருகும், கருவி நிற்கும், உள்ளே உயிர் இருக்கும்.

5.9.2023

என் தவறு ஒன்றைத் திருத்த வேண்டும்.

முதல் குறிப்பைப் படித்த கோபாலபுரத்து நண்பர் ஒருவர், ஒரு புது பிளக்கைக் கையில் எடுத்து, பின்கள் தன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, வலது பின்னில் சிவப்பு ஒயரை முடுக்கிவிட்டார். டெஸ்டர் வைத்துப் பார்த்தவர், "நீங்கள் சொன்னபடி செய்தேன், தலைகீழாக வருகிறது" என்கிறார்.

அவர் மேல் தவறில்லை. நான் சாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன், பிளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. பிளக்கும் சாக்கெட்டும் முகத்தோடு முகம் பார்க்கிறவை. எதிரே நிற்பவரின் வலக்கை உங்கள் இடப்பக்கம் இருப்பதுபோல, பின்கள் உங்களைப் பார்த்தால் பேஸ் இடது பக்கம். மூடியைக் கழற்றி, பின்கள் சுவரைப் பார்த்தபடியும் ஒயர் கட்டும் திருகுகள் உங்களைப் பார்த்தபடியும் பிடித்தால், எர்த் மேலே, பேஸ் வலது, நியூட்ரல் இடது.

இருபத்தொன்பது ஆண்டுகள் தமிழ் வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இதைப் பாடமாக நடத்தியவன் நான். பலகையில் படம் வரைவேன், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். எத்தனை பேர் பின் பக்கம் பார்த்து ஒயர் கட்டினார்களோ. பல பிளக்குகளில் திருகுக்குப் பக்கத்திலேயே எல், என் என்று இரண்டு ஆங்கில எழுத்துகளும் எர்த் குறியும் பொறித்திருக்கும். எல் இருக்கும் இடம் பேஸ். படத்தை மறந்துவிட்டு அந்த எழுத்தைப் பாருங்கள்.

6.9.2023

பிளக் கட்டும் முறையை எழுதச் சொல்கிறார்கள். நான் பெர்மிட் எடுத்த வயர்மேன் இல்லை. சுவருக்குள் இருப்பதை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். ஆனால் கையில் பிடிக்கும் பிளக்கை, சாக்கெட்டிலிருந்து உருவி வெளியே வைத்துக்கொண்டு, யாரும் கட்டலாம்.

நான் அதிகம் பார்த்த பிழை நிறத்தில் இல்லை, பிடியில் இருக்கிறது. பிளக்கின் கழுத்தில் இரண்டு திருகோடு ஒரு சின்னப் பட்டை இருக்குமே, அது வெளி உறையை இறுக்கிப் பிடிப்பதற்காக வைத்தது. நம்மவர்கள் உறையை நீளமாகச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் மூன்று மெல்லிய ஒயர்களின் மேல் பட்டையை முடுக்குவார்கள். அல்லது பட்டையையே தொலைத்துவிடுவார்கள். அப்புறம் வீட்டில் எல்லோரும் ஒயரைப் பிடித்து இழுத்துத்தான் பிளக்கைக் கழற்றுவார்கள். இழுப்பு முழுவதும் திருகில் விழும். ஒரு நாள் ஒயர் கழன்று, பிளக்குக்குள்ளேயே அடுத்த பின்னைப் போய்த் தொடும்.

எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். பட்டை தளர்ந்து ஒயர் இழுபட்டால் முதலில் அறுவது பேஸாக இருக்கட்டும், கடைசியில் அறுவது எர்த்தாக இருக்கட்டும். பிளக்கின் பெரிய பின் நீளமாக இருப்பதும் இதே யோசனையில்தான். நுழையும்போது எர்த் முதலில் தொடும், உருவும்போது கடைசியில் விடும். தடித்திருப்பது வேறு காரணம்: எப்படித் திருப்பி நுழைத்தாலும் பேஸ் ஓட்டைக்குள் போகக் கூடாது.

செப்பு இழைகளை முறுக்கி மடக்கி, திருகு முடுகும் திசையிலேயே வளையுங்கள். எதிர்த் திசையில் வளைத்தால் முடுக்க முடுக்க இழைகள் வெளியே பிதுங்கும். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முனையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது உறுதி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வெகு நாள் செய்தேன். ஈயம் மிருதுவானது. அழுத்தத்தில் மெல்ல வழிந்து கொடுத்து, ஆறு மாதத்தில் திருகு தளர்ந்துவிடும்.

6.9.2023, மறுபடியும்

நிறம் சொல்ல மறந்தேன். பழைய ஒயர்: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது கருவிகளோடு வரும் ஒயர்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த்.

எங்கள் பக்கம் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பதி பதியாகத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மும்முனை மோட்டார் கைப்பழக்கம். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். எந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 400 வோல்ட். கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவர் கண்ணில் நீலம் பட்டால் கை அதைப் பேஸ் பக்கம்தான் கொண்டுபோகும். என் சித்தப்பா மிக்ஸிக்கு அப்படித்தான் கட்டினார். பழுப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அழுக்கான கறுப்பு என்று நினைத்தேன்" என்றார்.

8.9.2023

சம்பந்தமில்லாதது. எங்கள் வரப்பைத் தாண்டினால் அத்தை வீடு, தமிழ்நாடு. அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். "நீங்கள் வேண்டுமானால் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள்" என்று பில் வரும்போதெல்லாம் சொல்கிறார். இதை யாரும் யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது திருட்டு.

28.9.2023

புரட்டாசி பதினொன்று. ஒரு வாரமாக நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் புரட்டாசி முழுவதும் விரதம். வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு அடுக்களையில் மீன் வாடை. முதல் நாள் ஜன்னலைச் சாத்தினார். இரண்டாம் நாள் சாம்பிராணி போட்டார். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுச் சேச்சி நம்மை மதித்து நடக்கிறவள், புரட்டாசி என்று தெரிந்தும் ஜன்னலோரம் மத்தி பொரிக்கிறாளே என்று வருத்தப்பட்டார். நான்காம் நாள் வருத்தம் கோபமானது. என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார். மீன் பொரிப்பது அவர்கள் உரிமை, நான் என்னவென்று சொல்வது?

ஐந்தாம் நாள் வேலியோரம் சேச்சியே பேச்சைத் தொடங்கினார். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரமாகக் கஞ்சியும் பயறும்தான் என்றார்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றினேன். வாடை ஜன்னல் பக்கம் இல்லை. டீ போடும் இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கிலிருந்து வந்தது. உருவினேன். பின் கையைச் சுட்டது. சாக்கெட்டின் வலது ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்த வாழையிலை நிறத்தில் இருந்தது.

சுவிட்சும் சாக்கெட்டும் செய்கிற ஒருவகைப் பிளாஸ்டிக் யூரியா கலந்தது. அளவு மீறிச் சூடேறிச் சிதையும்போது மீன் கவிச்சி போன்ற வாடை அடிக்கும். இதை நான் எங்கோ படித்திருக்கிறேன், வகுப்பிலும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். என் அடுக்களையில் ஐந்து நாள் அடித்தபோது எனக்கு மத்திதான் நினைவுக்கு வந்தது.

காரணம் என் கைவேலை. அடுப்பு 2000 வாட், 16 ஆம்பியர் பெரிய பிளக். அந்த இடத்தில் இருந்தது 6 ஆம்பியர் சின்ன சாக்கெட். கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் கன்வெர்ட்டரை நடுவில் செருகியிருந்தேன். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். தளர்ந்த தொடுமுனையில் அரை ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் கம்பி 25 வாட்தான்.

அம்மா மறுநாள் ஒரு தூக்குப் போசி நிறைய அரிசி முறுக்கு சுட்டுச் சேச்சிக்குக் கொடுத்தனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. சேச்சி பிறந்தநாளா என்று கேட்டாராம்.

29.9.2023

"உங்கள் வீட்டில் இ.எல்.சி.பி. இல்லையா, எம்.சி.பி. இல்லையா, ஏன் விழவில்லை" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டும் இருக்கின்றன. இரண்டும் விழாது.

எம்.சி.பி. என்பது அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். அந்த வரிசைக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருக்கிறது. ஓடியது 8.7. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்கு. இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று மட்டும் பார்க்கும். சமம்தான். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லை. தளர்ந்த திருகைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் கருவிகள் மூக்கும் கையும்தான். அரை மணி நேரம் ஓடிய பிளக்கை உருவி, பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் அது சரியில்லை.

பித்தளைப் பின்னின் நடுவில் பிளவு இருக்கும் பிளக்கானால், அந்தப் பிளவு பின் ஸ்பிரிங் போல விரிந்து பிடிப்பதற்கு. தளர்ந்திருந்தால் சின்னத் திருப்புளியால் லேசாக விரிக்கலாம். சாக்கெட்டே தளர்ந்திருந்தால் விரித்துப் பயனில்லை, சாக்கெட்டை மாற்றுங்கள்.

4.10.2023

கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட்டோடு நின்றுவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி போகலாம். 1500 வாட் கெட்டில், தண்ணீரில் போடும் 1500 வாட் கம்பி இரண்டும் எல்லை தாண்டியவை. 3000 வாட் ஹீட்டருக்கு 13 ஆம்பியர்; 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி ஒயரும் வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பின்னால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் 4. விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் பெரிய சாக்கெட்டைத் தொங்கவிட்டால், சாக்கெட் தாங்கும், சுவருக்குள் கம்பி வேகும்.

9.10.2023

வளைகுடா பிளக் பற்றி. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ஷார்ஜாவிலோ துபாயிலோ இருந்து திரும்பியவர். மாமா கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டி 2400 வாட், சதுரப் பின், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ். அந்த ஃபியூஸைப் பார்த்துவிட்டு நம் பிளக்கில் அது ஏன் இல்லை, நாம் ஏமாற்றப்பட்டோமா என்று மாமாவுக்கு ஒரே சந்தேகம்.

அது அவர்கள் ஊர் வயரிங்கின் கதை. பிரிட்டனில் ஒரே கம்பியை வீடு சுற்றி வளையமாக ஓட்டி, 32 ஆம்பியர் காப்போடு பல சாக்கெட்டுகளைத் தொங்கவிடுவார்கள். மேசை விளக்கின் மெல்லிய ஒயர் எரிந்து போகிற அளவு மின்சாரம் ஓடினாலும் 32 ஆம்பியர் காப்புக்கு உறைக்காது. ஆகவே ஒவ்வொரு பிளக்குக்கும் தன் ஒயருக்கு ஏற்ற ஃபியூஸ், பெரும்பாலும் 3 அல்லது 13. நம் முறை வேறு: கிளை கிளையாகப் பிரித்துக் கிளைக்கு ஒரு சின்ன எம்.சி.பி.

மாமா அந்தச் சதுரப் பின்னை எந்த நாட்டு பிளக்கும் நுழையும் சர்வதேச சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார். எல்லா நாட்டுக்கும் இடம் கொடுக்கும் ஓட்டை எந்த நாட்டுப் பின்னையும் சரியாகப் பிடிக்காது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் கட்டிக் கொடுத்தேன். 2400 வாட் என்றால் 10.4 ஆம்பியர், சின்ன பிளக் ஆகாது. மாமாவுக்கு அந்த ஃபியூஸ் போனதில் இன்னும் வருத்தம்தான்.

9.10.2023

எர்த் ஓட்டையில் திருப்புளியை நுழைத்து மூடியைத் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அந்த மூடி உங்கள் பேத்திக்காக வைத்தது.

14.11.2023

வேலந்தாவளத்துக்காரர் திரும்பி வந்திருக்கிறார். வேறொரு வயர்மேனைக் கூட்டிவந்து மெயினை அணைத்து ஒரு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தாராம். இடமும் வலமும் மாறியிருந்தது உறுதி. அதோடு பின்னால் இன்னொன்று: எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் நடுவில் ஒரு சாண் ஒயர். எர்த்துக்கென்று தனிக் கம்பியே சுவரில் இல்லை.

அவர் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016-ல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம். பாலக்காட்டுக் கணவாயில் விருச்சிகக் காற்று ஊளையிடும் நாட்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கெல்லாம் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். தரையைத் துடைத்து முடித்த ஈரக் காலோடு அம்மா பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். கைப்பிடியைத் தொட்டதும் தூக்கி எறிந்தது. முழங்கை கதவு நிலையில் மோதி ஒரு மாதம் வீங்கிக் கிடந்தது. அதோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

இருட்டு வீடு, கரண்ட் இல்லை, ஷாக் எப்படி அடிக்கும்? நானே நம்பவில்லை. அம்மா பயந்து விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். டெஸ்டரை எடுத்துப் போய் வைத்தால் ஃபிரிட்ஜ் உடம்பில் எரிகிறது. சாக்கெட்டில் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது.

காற்றில் ஒயர் ஆடி ஆடி, வீட்டுக்கு வரும் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பேஸ் வந்துகொண்டேதான் இருந்தது. அணையாத சுவிட்சுகளில் தொங்கும் பல்பு, விசிறி வழியாக அது வீட்டின் நியூட்ரல் கம்பிக்குள் இறங்கி, திரும்பிப் போக வழியில்லாமல் நின்றது. அந்த நியூட்ரலில்தான் எங்கள் பழைய வயர்மேன் ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் எர்த்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார், அதே ஒரு சாண் ஒயரால். ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுவதும் பேஸ். எர்த்தே இல்லாமல் இருந்திருந்தால்கூட அன்று ஷாக் அடித்திருக்காது. எங்களிடம் அப்போது கட்டை ஃபியூஸ் மட்டும்தான்.

பதினோரு ஆண்டுகள் அந்த ஃபிரிட்ஜ் குளிர்ந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. எர்த் இல்லாத வீட்டில் எல்லாமே ஓடும்.

அந்த ஒயரை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். எர்த்துக்குத் தனிக் கம்பி ஓட்டாமல் அவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

17.11.2023

"எர்த் கம்பி போட்டுவிட்டால் இ.எல்.சி.பி. எதற்கு, தண்டச் செலவு" என்பவருக்கு.

உங்கள் வீட்டு எர்த் குழியின், அதாவது எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தின், தடை 50 ஓம் என்று வையுங்கள். எங்கள் வறண்ட கிழக்குப் பகுதியில் இது அதிகமில்லை. கிரைண்டரில் பேஸ் ஒயர் உரசி உடம்பைத் தொட்டால், 230-ஐ 50-ஆல் வகுக்க, மண்ணுக்குள் ஓடுவது 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கிரைண்டர் அரைக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். விழாது. கிரைண்டர் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்ட்டும் நிற்கும். ஈரக் கையோடு தொடும் மனிதருடைய உடம்பின் தடை சுமார் 1000 ஓம். அவர் வழியாக 230 மில்லியாம்பியர். உயிரை எடுக்க அதில் சிறு பங்கு போதும். எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி.

30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த 4.6 ஆம்பியர் ஒழுகத் தொடங்கிய கணமே, கண் இமைப்பதற்குள், துண்டிக்கும். அது விழுவதற்கு எர்த் வழி வேண்டும், யாரும் தொடுவதற்கு முன்பே விழ வேண்டுமானால். எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகு உங்கள் வழியாக ஒழுகித்தான் விழும். இரண்டும் வேண்டும்.

ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இரண்டாலும் பயனில்லை. நீங்களும் ஒரு பல்புதான் என்று அது எடுத்துக்கொள்ளும்.

2.12.2023

திருத்தம். ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், எர்த் நன்றாக இருந்தால் விழும்" என்று எழுதிவிட்டேன். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சின்ன ஒழுகலை உண்டாக்கிப் பார்க்கிறது. உங்கள் எர்த் குழியைத் தேங்காய் பறிக்கிறவர் தோண்டி எடுத்துப் போயிருந்தாலும் பொத்தானுக்கு விழும்.

எர்த்தைப் பார்க்க எங்கள் புதிய வயர்மேன் செய்தது: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 60 வாட் குண்டு பல்பை வைத்தார். பல்பு எரியவில்லை, வீடே அணைந்தது. அவர் முகத்தில் சிரிப்பு. பல்பு வழியாக 260 மில்லியாம்பியர் மண்ணுக்குப் போக முயன்றது, ஆர்.சி.சி.பி. விழுந்தது. எல்.இ.டி. பல்பை வைத்து இதைச் செய்யாதீர்கள்; அரைகுறை எர்த்திலும் அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். முறையாக அளக்க வேறு மீட்டர் இருக்கிறது. இதுவும் வயர்மேன் செய்ய வேண்டியது. நான் டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான்.

21.4.2024

வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. எர்த் குழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கிய குழி எங்களுடையது. மண் காய்ந்தால் தடை ஏறும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அம்மா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறார். மாட்டுக்குப் போக மீதி என்று சொன்னார். குழிக்கு இரண்டாம் பங்குதான். பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று தானாக முளைத்திருக்கிறது. உப்பு மண்ணில் எத்தனை நாள் தாங்குமோ.

மடிக்கணினியின் உலோக மூடியைத் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று பேரன் சொன்னான். இரண்டு பின் சார்ஜர். இரைச்சலை வடிகட்ட வைத்த கண்டன்சர் வழியாக மிகச் சிறிய ஒழுகல், அது போக எர்த் இல்லை. மூன்று பின் ஒயர் மாற்றியதும் எறும்பு போய்விட்டது. போன் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை. பெட்டிக்குள் பெட்டி குறி இருந்தால் இரட்டை உறை போட்டது.

2.5.2024

கோடை இடி. வானம் கறுத்ததும் பிளக்கை உருவுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி இடிக்கு ஒரு பொருட்டில்லை. தலைக்கு மேல் வெட்டத் தொடங்கிய பிறகு போய் உருவாதீர்கள். டி.வி. போனால் போகட்டும்.

30.6.2024

வேலந்தாவளத்திலிருந்து கடைசித் தகவல். புது வயர்மேன் எல்லாச் சாக்கெட்டையும் திருப்பிக் கட்டி, எர்த் கம்பி ஓட்டி, குழி எடுத்து, ஆர்.சி.சி.பி. மாட்டிவிட்டாராம். டெஸ்டர் இப்போது வலது ஓட்டையில் எரிகிறது. பழைய வயர்மேனைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாராம். "நீங்கள் தமிழ்நாட்டு முறைக்கே மாற்றிவிட்டீர்களா, நல்லது" என்றாராம்.

25.9.2024

புரட்டாசி ஒன்பது. மாலை ஆறரைக்கு மீன் வாடை. அம்மா சத்தம் போட்டார். மெயினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு பதினான்கு சாக்கெட்டையும் முகர்ந்து, பன்னிரண்டு பிளக்கையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ச்சி. வேலிப் பக்கம் போனேன்.

மத்திதான். சேச்சி ஒரு தட்டு வேண்டுமா என்று கேட்டார்.